படவிழாவில் எட்டு நாட்கள்

சிறுகதை எழுதுவோன் தான் எழுதியதைத் தபாலிலிட்டுப் பத்திரிகைக்கு அனுப்பிவிட்டுத் தன் வீட்டுத் திண்ணையிற் காத்திருக்கலாம். செய்யுள் இயற்றுவோன் நண்பர் இருவருக்குப் படித்துக் காட்டி மனநிறைவு பெறலாம். திரைப்படத்துக்குக் கதை எழுதுவோனுக்கு இவ்விரண்டு வழியும் இல்லை. அவன் எழுதிய தாள்கள், கட்டப்படாத வீட்டின் வரைபடத்தை ஒத்தவை. கட்டுவதற்கு வேண்டிய பொருளும் ஆளும் பிறரிடத்தே உள்ளன. ஆதலின், அவன் பிறரைத் தேடிச் சென்றே தீர வேண்டும். அங்ஙனம் தேடிச் செல்லும் முறையைப் பற்றி, 2022-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் நடைபெற்ற இருபதாம் சென்னை சர்வதேசத் திரைப்பட விழாவில் நாம் கண்டும் கேட்டும் அறிந்தவற்றை இம்மலரின் வாசகர்களுக்குக் கூற விரும்புகின்றோம். நம் கல்லூரி மாணவரிற் சிலர் பாடக்குறிப்புகளுக்கு அடியில் ஒரு திரைக்கதையை மறைத்து வைத்திருக்கின்றனர் என்பதை அறிவோம். இக்கட்டுரை முதன்மையாக அவர்களுக்கே உரியது.

புதுக்கோட்டைச் சீமைக்கும் சினிமாவுக்கும் உள்ள உறவு இன்று நேற்று ஏற்பட்டதன்று. நடிப்பாலும் பாட்டாலும் தமிழகத்தையே கவர்ந்த பி. யு. சின்னப்பா இவ்வூரினர். 1916-இல் பிறந்து, பாலர் நாடகக் கம்பெனியில் வளர்ந்து, 1940-இல் 'உத்தம புத்திரன்' படத்தில் இரட்டை வேடம் தாங்கியும், 1942-இல் 'கண்ணகி'யிற் கோவலனாகத் தோன்றியும் பெரும்புகழ் எய்தி, 1951-இல் காலமானார். ஜெமினி கணேசன் பிறந்ததும் புதுக்கோட்டையே. அவர் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிற் சிலகாலம் பணியாற்றிய பின் ஜெமினி ஸ்டூடியோவிற் சேர்ந்தார். அங்கே அவருக்கு முதலில் வாய்த்த வேலை, நடிக்க வாய்ப்புத் தேடி வருவோரைக் கண்டு பேசித் தேர்ந்தெடுப்பதாகும். வாயிலுக்கு வெளியே நின்று உள்ளே புகுந்தவரும் நம் ஊரினர், உள்ளே அமர்ந்து வருவோரைத் தேர்ந்தவரும் நம் ஊரினர் என்று நாம் சொல்லிக்கொள்ளலாம்.

அக்காலத்தில் கதாசிரியருக்கும் வாயில் இன்னதென்று தெரிந்திருந்தது. 'கண்ணகி'க்கு வசனம் எழுதிய இளங்கோவன் பத்திரிகை எழுத்திலிருந்து திரைக்கு வந்தவர். புதுமைப்பித்தனும் அவ்வழியே வந்து, 'ராஜமுக்தி' படத்துக்கு வசனம் எழுதப் புனா நகர் சென்று, நோயுற்று 1948-இல் மறைந்தார். வேறு சிலர் நாடக மேடையிலிருந்து வந்தனர். நமக்கு அடுத்த ஊராகிய காரைக்குடியில் யுத்த காலத்தில் ஏ. வி. மெய்யப்பச் செட்டியார் ஸ்டூடியோ அமைத்திருந்தபோது, ப. நீலகண்டன் எழுதிய நாடகம் ஒன்று அவரது மனத்தைக் கவர, அதுவே 1947-இல் 'நாம் இருவர்' என்னும் படமாயிற்று. ஜெமினி ஸ்டூடியோவிலோ கதை இலாகா என்றே ஒன்று இருந்தது. கொத்தமங்கலம் சுப்பு போன்றோர் அதில் மாதச் சம்பளத்துக்கு அமர்ந்து கதை பண்ணினர்.

அந்த ஸ்டூடியோ முறை கலைந்து பல்லாண்டுகள் ஆயின. இன்று ஒரு படத்துக்கென்று ஒரு குழு கூடுகின்றது, படம் முடிந்ததும் கலைகின்றது. கதை இலாகாவின் இடத்தில், வாடகை அறையொன்றில் நாட்கணக்காக நடைபெறும் கதை விவாதமே எஞ்சி நிற்கின்றது. அவ்வறையில் அமர்பவர் யாவரும் ஒருவரையொருவர் முன்பே அறிந்தவர். அறியப்படாதவன் அங்கே எவ்வாறு புகுவது? இவ்வினாவுக்கு விடை தேடுவோர் இன்று நாடிச் செல்லும் இடங்களுள் ஒன்று படவிழா.

இந்தியாவின் முதற் சர்வதேசத் திரைப்பட விழா 1952 ஜனவரியில் பம்பாயில் தொடங்கிப் பின்னர்ச் சென்னைக்கும் வந்தது. அவ்விழா 'பைசைக்கிள் தீவ்ஸ்' என்னும் இத்தாலியப் படத்தையும், அகிரா குரோசாவாவின் 'ராஷோமோன்' என்னும் ஜப்பானியப் படத்தையும் நம் நாட்டினர் கண்முன் நிறுத்தியது. வீணை எஸ். பாலசந்தர் 'ராஷோமோ'னை ஒரு படவிழாவிற் கண்டு, அம்முறையில் ஒரு நாடகம் எழுதினார். வானொலி நிலையம் அதை ஏற்கவில்லை என்பர். அவர் சோர்வுறாது அக்கதையை மெய்யப்பச் செட்டியாரிடம் கூற, அவர் இசைந்தார். ஜாவர் சீதாராமன் எழுத்துத் துணை புரிய, பாட்டே இல்லாத 'அந்த நாள்' 1954-இல் வெளிவந்தது. இவ்வரலாற்றில் நாம் கருத வேண்டியது ஒன்றுண்டு. பாலசந்தர் விழாவிலிருந்து கொண்டுவந்தது எவருடைய முகவரியையும் அன்று. ஒரு படத்தை முழுக் கவனத்தோடு பார்த்த அனுபவத்தையே கொண்டுவந்தார். செட்டியாரிடம் பேசுவதற்கு அவரிடம் ஒரு பொருள் இருந்தது.

விழாவோடு சந்தையும் சேர்ந்தது பிற்காலத்தில். பிரான்சு தேசத்துக் கான் நகரில் 1959 முதல் படச்சந்தை நடைபெறுகின்றது. நம் நாட்டில் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகம் 2007-இல் கோவாவில் அத்தகைய சந்தை ஒன்றைத் தொடங்கியது. சென்னை விழா 2003-இல் இந்தோ சினி அப்ரிசியேஷன் பவுண்டேஷன் என்னும் அமைப்பினரால் தொடங்கப்பெற்றது. அதிற் படம் பார்த்தலே முதன்மை. எனினும் படம் எடுப்போரும், எடுக்க விரும்புவோரும், எடுத்து ஓய்ந்தோரும் ஒரே வரிசையில் நிற்குமிடம் அதுவாகும்.

நிற்க. நம் கதைக்கு வருவோம். 2018 நவம்பர் 16-ஆம் நாள் விடியற்குமுன் கரையேறிய கஜா புயல், ஆலங்குடி வட்டத்துத் தென்னந்தோப்புகளை ஓரிரவில் தரையோடு கிடத்தியது. கீரமங்கலம், கொத்தமங்கலம், வடகாடு ஆகிய ஊர்களைப் பார்த்தவர் அக்காட்சியை மறவார். நம் தந்தையாரின் தோப்பும் அதில் ஒன்று. தென்னை ஒரு பருவத்துப் பயிரன்று. நட்ட கன்று காய்க்க ஆறேழு ஆண்டுகள் ஆகும். அவ்வளவு காலத்தையும் ஒரு குடும்பம் எதைக்கொண்டு கழிக்கும் என்பதே நாம் எழுதிய திரைக்கதையின் பொருள். அதை மும்முறை திருத்தி எழுதி, நூறு பக்கமளவில் பைண்டு செய்து வைத்திருந்தோம்.

சென்னை விழாவுக்குப் போகவேண்டும் என்றபோது தந்தையார் நெடுநேரம் பேசவில்லை. பின்னர் உள்ளே சென்று 6,000 ரூபாயைக் கொண்டுவந்து கொடுத்தார். "கன்று வாங்க வச்சிருந்தது. ஒரு தடவை போய்ப் பார்த்துட்டு வா. அடுத்த மழைக்குள்ள நடணும்" என்றார். அத்தொகையிற் செலவழிக்கும் ஒவ்வொரு ரூபாயும் ஒரு தென்னங்கன்றின் பகுதி என்ற நினைவு அவ்வெட்டு நாளும் நம்மை விட்டு நீங்கவில்லை. இராமேசுவரத்திலிருந்து வரும் இரவு வண்டியில் புதுக்கோட்டையில் ஏறி விடியற்காலையில் எழும்பூரில் இறங்கினோம். திருவல்லிக்கேணியில் ஒரு நண்பரின் அறையில் தங்கினோம்.

முதல் இரண்டு நாட்களிற் கண்ட காட்சி ஒன்றைச் சொல்ல வேண்டும். படம் முடிந்தபின் பெயர்பெற்ற இயக்குநர் ஒருவர் மேடையில் உரையாடினார். அவர் இறங்கியதும் முப்பது நாற்பது இளைஞர் அவரைச் சூழ்ந்தனர். ஒவ்வொருவர் கையிலும் ஒரு கட்டுத் தாள், ஒவ்வொருவர் வாயிலும் "சார், ஒரே நிமிஷம்." அவர் ஒருவரையும் கடிந்துகொள்ளவில்லை. புன்னகையோடு இரண்டொரு கட்டுகளைப் பெற்று உடன்வந்தவரிடம் கொடுத்துவிட்டுக் காரில் ஏறினார். கார் சென்றபின் அவ்விளைஞர்கள் நின்ற நிலை நமக்கு இன்றும் நினைவில் இருக்கின்றது. அவர்கள் ஒருவரோடொருவர் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒருவருக்கொருவர் போட்டியாளர் என்றே எண்ணிப் பிரிந்து சென்றனர். அந்நாற்பதின்மரில் ஒளிப்பதிவு கற்றவர் இருந்திருப்பர், படத்தொகுப்பு அறிந்தவர் இருந்திருப்பர். ஒரு குறும்படத்துக்கு வேண்டிய குழு முழுமையும் அக்கூட்டத்தில் இருந்திருத்தல் கூடும். அதை அவர்கள் அறியாமலே கலைந்தனர்.

மூன்றாம் நாள் வரிசையில் நமக்கு முன் நின்றவர், முந்திய காட்சியில் நாம் கண்ட படத்தையே பார்த்தவர். "கடைசியில் அந்த அம்மா கதவை மூடாமல் போனதைக் கவனித்தீர்களா?" என்று நாம் கேட்டோம். அவர் திரும்பிப் பார்த்து, "படத்தில் அவள் ஒரு கதவையுமே மூடவில்லை. அதைப் படத்தொகுப்பில் எப்படிக் காப்பாற்றியிருக்கிறார்கள் தெரியுமா?" என்று தொடங்கி, அரைமணி நேரம் பேசினார். அவர் ஒரு படத்தொகுப்பாளரிடம் உதவியாளராயிருப்பவர் என்பது பிறகே தெரிந்தது. நம் திரைக்கதையைப் பற்றி அன்று ஒரு சொல்லும் சொல்லவில்லை. மறுநாள் அவர் தாமாகவே நம்மைத் தேடிவந்து, தம் நண்பராகிய உதவி இயக்குநர் ஒருவரை அறிமுகம் செய்தார். அவர் உருவாக்கிய சிறு ஆவணப்படத்துக்கு ஆங்கில எழுத்துரை தயாராகியிருந்தது. தமிழ்ப் பேச்சோடு அதனை ஒப்புநோக்கிப் பிழை பார்க்க ஆள் வேண்டியிருந்தது. நாம் அன்றிரவே அமர்ந்து அதைச் செய்து கொடுத்தோம். அறிமுகம் என்பது வாய்ச்சொல்லால் ஏற்படுவதினும் கைவேலையால் உறுதியாக ஏற்படுகின்றது.

ஐந்தாம் நாள் மாலை, தேநீர்க் கடையில் முதியவர் ஒருவர் அவர்களோடு வந்து சேர்ந்தார். பல படங்களுக்கு வசனம் எழுதியவர். உதவி இயக்குநர் அவரிடம், "ஐயா, இந்தத் தம்பி கீரமங்கலம் பக்கம். புயலைப் பற்றி ஒரு கதை வைத்திருக்கிறார்" என்றார். முதியவர் கண்ணாடிக் குவளையைக் கீழே வைத்து, "ஒன்லைன் சொல் தம்பி" என்றார். ஒன்லைன் என்பது கதை முழுவதையும் ஓரிரு வாக்கியத்தில் அடக்கிச் சொல்வது. சினிமாத் துறையில் ஒருவனுக்கு முதலிற் கிடைக்கும் நேரம் அவ்வளவே.

"புயலில் தோப்பு முழுவதையும் இழந்த ஒருவர், புதுக்கன்று காய்க்கும் வரை தம் குடும்பத்தைக் காக்கப் பாடுபடுகிறார், ஐயா" என்றோம்.

அவர் சற்று யோசித்து, "எல்லா மரமுமா விழுந்தது?" என்று கேட்டார்.

"ஒரு பலாமரம் மட்டும் நின்றது, ஐயா."

"அது யாருடையது?"

நாம் உடனே விடை கூறவில்லை. அம்மரம் நம் தந்தையார்க்கும் பெரியப்பாவுக்கும் பொதுவான வரப்பின்மேல் நிற்பது. அதன் பொருட்டு இருவரும் பேச்சற்றுப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. புயலுக்குப்பின் இரு குடும்பத்துக்கும் மிஞ்சியது அது ஒன்றே. இதனைச் சுருக்கமாகச் சொன்னோம். முதியவர், "புயலைப் பற்றி யார் வேண்டுமானாலும் எழுதலாம். இந்த மரத்தைப் பற்றி நீதான் எழுத முடியும்" என்று சொல்லி, அடுத்த படத்துக்கு நேரமாயிற்றென்று எழுந்து சென்றார். அவரிடமிருந்து நாம் பெற்றது வேலையன்று, பணமன்று, பரிந்துரைக் கடிதமுமன்று. ஒரு கேள்வியே பெற்றோம். அதற்காக 6,000 ரூபாய் செலவிட்டது தகும் என்றே அன்றிரவு எண்ணினோம்.

ஏழாம் நாள் வேறொரு மனிதர் வந்தார். தாம் ஒரு கம்பெனியின் கதைப் பிரிவைப் பார்ப்பதாகக் கூறினார். நம் கதையை எவரோ சொல்லக் கேட்டதாகவும், முழுத் திரைக்கதையையும் அன்றே தம்மிடம் ஒப்படைத்தால் இரண்டு வாரத்திற் பதில் கிடைக்குமென்றும், பரிசீலனைச் செலவுக்கென 4,000 ரூபாய் கட்டவேண்டுமென்றும் சொன்னார். பெற்றுக்கொண்டதற்கு எழுத்து ஏதேனும் தருவீர்களா என்று வினவினோம். அது வழக்கமில்லை என்றார். நம் பையில் அப்போது 1,900 ரூபாய் இருந்தது. அது ரயில் செலவுக்கும் கன்றுக்கும் உரியது. வணங்கி விடைபெற்றோம். எழுத்தாளனிடம் பணம் கேட்பவர் படம் எடுப்பவர் அல்லர் என்பதை வாசகர் மனத்திற் பதித்துக்கொள்வாராக. கதைக்குப் பணம் கொடுப்பதே தொழில் முறை. கதை கேட்கப் பணம் வாங்குவது தொழிலன்று.

ஈண்டுச் சட்டத்தைப் பற்றியும் சில சொற்கள் கூறுதல் பொருந்தும். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், எழுதப்பட்ட வடிவத்தையே காக்கின்றது, கருத்தைக் காப்பதில்லை. 'நியூ டெல்லி' என்னும் இந்திப் படத்தைக் குறித்து ஒரு நாடகாசிரியர் தொடுத்த வழக்கில், கருத்துக்கும் கதைப்பொருளுக்கும் பதிப்புரிமை இல்லை என்று 1978-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. ஆதலின், வாயாற் சொன்ன கதைக்குக் காவல் மிகக் குறைவு. எழுதி, நாளிட்டு, தென்னிந்தியத் திரைப்பட எழுத்தாளர் சங்கத்தில் உறுப்பினராகிப் பதிவுசெய்தல் நன்று. பதிவு உரிமையை உண்டாக்குவதன்று. இன்ன நாளில் இக்கதை என்னிடம் இருந்தது என்பதற்குச் சான்றாகும். 2018-இல் 'சர்கார்' படத்தின் கதை குறித்து எழுந்த தகராறில், ஓர் எழுத்தாளர் 'செங்கோல்' என்னும் பெயரில் 2007-இல் சங்கத்திற் பதிவுசெய்திருந்த கதையே அவருக்குத் துணைநின்றது. வழக்கு சமரசத்தில் முடிந்தது.

ஆயினும் திருட்டுக்கு அஞ்சி வாய் திறவாதிருத்தலும் பயன் தராது. கதையை ஒருவருக்கும் சொல்லாதவனுக்கு, அப்பலாமரம் யாருடையது என்று கேட்பார் எவர்? முழுத் திரைக்கதையைப் பதிந்து பெட்டியில் வைத்துக்கொண்டு, ஒரு பக்கச் சுருக்கத்தைத் தாராளமாகச் சொல்லலாம் என்பதே அனுபவமுள்ளோர் பலரும் நமக்குக் கூறிய வழி.

ஊர் திரும்பியதும் தந்தையாரிடம் நடந்ததைச் சொன்னோம். பலாமரத்தைக் கதையில் வைக்கப்போவதாகவும் சொன்னோம். அவர் முகம் வாடியது. "எங்க சண்டையை ஊருக்கெல்லாம் காட்டப் போறியா?" என்றார். இதற்கு எந்தப் படவிழாவிலும் விடை கிடையாது. வீட்டின் துயரத்தை எழுதும் உரிமை எழுதுவோனுக்கு எவ்வளவு உண்டு என்பது எளிய வினாவன்று. மதுரை வட்டாரத்து வறண்ட நிலத்திற் படமான 'கூழாங்கல்', அதன் இயக்குநர் வினோத்ராஜ் தம் சகோதரிக்கு நேர்ந்த துன்பத்திலிருந்து பிறந்ததென்று அவரே கூறியுள்ளார். அப்படம் 2021-இல் ராட்டர்டாம் விழாவில் முதற் பரிசாகிய புலி விருதைப் பெற்றது. அதனைத் தந்தையாருக்குக் கைப்பேசியிற் படித்துக் காட்டினோம். அவர் விருதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "அந்தப் பொண்ணுகிட்ட கேட்டுட்டா எடுத்தாங்க?" என்று மட்டும் கேட்டார்.

அதன்பின் நாம் பெரியப்பா வீட்டுக்குச் சென்றோம். பன்னிரண்டு ஆண்டுகளுக்குப்பின் அவ்வீட்டு வாசற்படியை மிதித்தது அன்றுதான். அவர் முழுவதையும் கேட்டு, "மரத்தை எழுது. பேரை எழுதாதே. உங்கப்பன் சொன்னது சரியா, நான் சொன்னது சரியா என்று நீ தீர்ப்புச் சொல்லாதே" என்றார். தந்தையாரும் அதையே தம் நிபந்தனையாக ஏற்றார். அவ்விருவர் சொன்ன விதிக்கு மேலான திரைக்கதைப் பாடத்தை நாம் எந்நூலிலும் கற்கவில்லை.

பயன் யாது என்று வாசகர் கேட்பர். நம் திரைக்கதை இன்னும் பெரும்படமாகவில்லை. அதன் ஒரு பகுதியை 2024-இல் அந்த உதவி இயக்குநர் இருபது நிமிடக் குறும்படமாக எடுத்தார். வரிசையில் நமக்கு முன் நின்றவரே அதனைத் தொகுத்தார். படப்பிடிப்பு நடந்த நான்கு நாளும் மரத்தின் ஒரு புறத்தில் தந்தையாரும் மறுபுறத்தில் பெரியப்பாவும் நாற்காலியிட்டு அமர்ந்திருந்தனர். இருவரும் இன்னும் பேசவில்லை. ஆனால், இரண்டு நாற்காலிக்கும் தேநீர் ஒரே வீட்டிலிருந்து வந்தது. மீந்த பணத்துக்குத் தென்னங்கன்றுகள் வாங்கி அம்மழைக்குள் நட்டோம். அவற்றிற் பெரும்பாலானவை பிழைத்திருக்கின்றன.

இவ்வழியில் செல்ல விரும்பும் நண்பர்களுக்கு நாம் சொல்லத் தக்கவை சிலவே. விழாவுக்குச் செல்வோர் முதலிற் படங்களைப் பார்ப்பாராக. பார்த்ததைப் பற்றிப் பேசுவாராக. மேடையிலிருந்து இறங்குவோரைச் சூழ்வதினும் வரிசையில் அருகே நிற்பவரிடம் வினவுவது நன்று, ஏனெனில் பத்தாண்டுக்குப்பின் மேடையில் நிற்கப்போகிறவர் அவராயிருத்தல் கூடும்; அவ்வாறு ஆகாவிடினும் அவர் நல்ல நண்பராயிருப்பார். சந்தித்தவரின் பெயரையும் அவர் சொன்னதையும் அன்றிரவே குறித்துவைத்து, ஒருவாரத்துக்குள் சுருக்கமாக ஒரு கடிதம் எழுதுதல் வேண்டும். உதவி கேட்குமுன் உதவி செய்ய வழியுண்டா என்று பார்த்தல் வேண்டும். எழுதியதைப் பதிவு செய்தல் வேண்டும். பணம் கேட்பவரிடம் விடைபெறுதல் வேண்டும். யாருடைய வாழ்வைக் கதையாக்குகின்றோமோ அவர் வாசற்படிக்கு ஒருமுறை சென்று கேட்டல் வேண்டும். இவையெல்லாம் செய்தும் கதை படமாகாது போகலாம். ஆயின், கதையாவது மேம்பட்டிருக்கும். எழுதியவனுக்கு நாலு நண்பராவது கிடைத்திருப்பர். இவ்விரண்டும் இருப்பவன் அடுத்த டிசம்பரிலும் வண்டியேறத் தயங்கான்.